விரலில் ஒட்டிய லைனிங் தோல்

பேஸ் கிட்டார் பற்றிக் கேட்க என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் இடது கையைத்தான் பார்க்கிறார்கள். எந்த விரல் எங்கே அமுக்குகிறது, எவ்வளவு தூரம் தாவுகிறது என்று கண்ணை அங்கேயே வைத்திருப்பார்கள். அப்புறம் என்ன கம்பி போட்டிருக்கிறீர்கள், என்ன ஆம்ப், எங்கே வாங்கினீர்கள் என்று வரிசையாகக் கேள்வி வரும். வலது கையைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அது ஏதோ கம்பியைத் தட்டுகிற கை, அதற்கென்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பு. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. மேடையில் என்னைக் கவிழ்த்ததும் வலது கைதான், தூக்கி நிறுத்தியதும் அதே கைதான்.

போன மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். ரயில்வேயில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவில் வாசிக்கிறார். வலது கையின் ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் பிளாஸ்டர். விரலை அறுக்காத கம்பி எது என்று கேட்டார். நான் கம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் கிட்டாரை, சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டியான என் ஆம்பில் சொருகி, சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்து, பக்கத்து அறையில் பேத்தி தூங்குகிறாள், அவள் எழுந்திருக்காமல் வாசியுங்கள் பார்க்கலாம் என்றேன். மனிதர் தவித்துப் போனார். பத்து நிமிஷம் கழித்து, வாசிக்கிற மாதிரியே இல்லையே அண்ணே என்றார். அதைத்தான் கேட்கிறேன் என்றேன். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, உங்களை ஏன் எல்லோரும் லைனிங் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். அவருடைய பிளாஸ்டருக்குப் பதிலும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் வேலூர், ஆம்பூர் பக்கம் புதிதாக பேஸ் எடுத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

நான் ஷூ கம்பெனி ஆள். மாதனூர்ப் பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியில் ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்தே என் காலம் போனது. தைப்பதற்கு முன்னால் தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிற வேலை அது. சனி, ஞாயிறு ஆம்பூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, சர்ச் விழா, கம்பெனி விழா, எதையும் விட்டதில்லை. குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். பஜாரில் கடிகாரக் கடை வைத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். நாள் பூராவும் கடிகாரங்களோடு இருந்து பழகியதாலோ என்னவோ, தாளம் கொஞ்சம் பின்வாங்கினாலும் அவர் கழுத்து தானாகத் திரும்பும். யார் பின்வாங்கினார்களோ அவர்கள்மேல் சரியாகப் போய் நிற்கும்.

அந்தக் காலத்தில் நான் நல்ல பேஸ் வாசிப்பவன் இல்லை. பலமாக வாசிப்பவன். இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாது. மேடையில் என் ஆம்பை எப்போதும் டிரம்ஸுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். முன்னால் வைத்தால் பார்க்க லட்சணமாக இல்லையாம். டிரம்ஸ் சத்தத்தில் நான் வாசிப்பது என் காதுக்கே வராது. வராததால் கம்பியை இழுத்தேன். அப்போதும் வராததால் இன்னும் இழுத்தேன். ஆறாவது பாட்டில் முன்கை இறுகிப் போகும். பத்தாவது பாட்டில் விரல் நுனியில் கொப்புளம். அதற்கப்புறம் வேகமான பாட்டு ஏதாவது வந்தால் என் கை ஓர் அடி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஊரில் சிலர், கம்பியைப் பிய்த்துவிடுகிறான்யா என்று என்னைப் பாராட்டுவார்கள். அது பாராட்டுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு கல்யாண வரவேற்பில் இது முற்றிப் போனது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடவேண்டும் என்று கேட்டு வரிசையாக மூன்று வேகமான பாட்டுகள். மூன்றிலும் என் கை படுத்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க தோஸ்த். கடைசி மூணு பாட்டும் உங்களுக்காகத்தான் வேகத்த கம்மி பண்ணேன். அவங்க ஆட வந்தாங்க, நாம அவங்கள நடக்க வெச்சிட்டோம்.”

அப்புறம் அவர் அமைதியாக விஷயத்தைச் சொன்னார். இப்போது பல குழுக்களில் பேஸுக்கென்று தனியாக ஆள் இல்லை. கீபோர்டு வாசிப்பவர் வலது கையால் பாட்டையும் இடது கையால் பேஸையும் பார்த்துக்கொள்கிறார். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அடுத்து வருவது உங்கள் கம்பெனி பூஜை விழா. அங்கேயும் வேகம் விழுந்தால் அதற்குப் பிறகு நான் இடது கையில் போட்டுக்கொள்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனதுதான் தாங்க முடியவில்லை.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்குப் பெரிய விஷயம். கம்பெனியில் நான் ஒரு டோக்கன் நம்பர், மெஷின் முன்னால் குனிந்திருக்கிற ஒரு முதுகு. மேடையில் நின்றால்தான் நான் நிமிர்வேன். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த நாலு கம்பிக்காகத்தான் தோலைச் சீவினேன். அதை ஒருவருடைய இடது கை எடுத்துக்கொண்டு போய்விடும் என்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். தோல் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றும்.

பிரச்சினை விரல் தோல் மெலிதாக இருப்பது என்று முடிவு செய்தேன். மெலிதாக இருந்தால் என்ன செய்வார்கள்? உள்ளே லைனிங் கொடுப்பார்கள். ஷூவின் உட்பக்கம் வைக்கிற லைனிங் ஆட்டுத்தோலில் வீணான துண்டு ஒன்றை எடுத்தேன். என் மெஷினில் வைத்து, நான்கு பக்கமும் சீவி, வெங்காயச் சருகு மாதிரி ஆக்கினேன். வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியாக நான் ஸ்கைவிங் செய்ததில்லை. அதை இரண்டு விரல் நுனிக்கும் அளவெடுத்து வெட்டி, தோலிலும் விரலிலும் சொல்யூஷன் தடவி, காயவிட்டு, அமுக்கினேன். சொல்யூஷன் என்றால் ஷூ ஒட்டுகிற பசை. ஓரம் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தால்கூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒத்திகையில் அது பிரமாதமாக வேலை செய்தது. வலி இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். பாய் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்து, பரவாயில்லையே என்று புருவத்தைத் தூக்கினார். நான் கையை மூடி வைத்துக்கொண்டு சிரித்தேன். ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகை மாடி அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நான் உட்கார்ந்திருந்தேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் கம்பெனிகளில் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே விழா நடந்துவிடும். பாதி ஷிஃப்டோடு வேலையை நிறுத்தி, மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, பூசணிக்காய் உடைப்பார்கள். முதலாளி குடும்பத்தாரும் வந்து நின்று பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் வெளியே முற்றத்தில் ஷாமியானா, மரப்பலகை மேடை, எங்கள் பாட்டு. கம்பெனி பஸ்கள் கிளம்புகிற ஐந்தரை மணி வரை ஆட்டம்தான். முதல் வரிசை எப்போதும் ஸ்டிச்சிங் பெண்களுக்கு. புதுப்புடவை, தலை நிறையப் பூ. அவர்களில் பாதிப் பேர் என்னோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். வேலூர் மாவட்டத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஷாமியானா வெயிலைத் தடுத்தது, சூட்டைத் தடுக்கவில்லை. இரண்டு விரலிலும் புதிதாக லைனிங் ஒட்டிக்கொண்டுதான் மேடை ஏறியிருந்தேன். மூன்று பாட்டு நன்றாகப் போனது. நாலாவது பாட்டில் ஆட்காட்டி விரலில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது.

காய்ந்த சொல்யூஷனுக்குச் சூடு காட்டினால் மறுபடி இளகும். கம்பெனியில் ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிறவர்கள் அதை ஹீட்டரில் காட்டி இளகவைத்துத்தான் ஒட்டுவார்கள். தினமும் அந்த ஹீட்டரைத் தாண்டித்தான் நான் சாப்பிடப் போவேன். தொழில் தெரிந்த நான், இதை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டேன்.

விரல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் கம்பி விடவில்லை. ஒரு ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ‘டொப்’ என்று ஒரு சத்தம், அடுத்த இடத்தில் அதுகூட இல்லை. பலமாக உதறினேன். தோல் துண்டு பிய்ந்து பறந்து மேடைக்குக் கீழே முதல் வரிசையில் போய் விழுந்தது. கூடவே என் கொப்புளத்தின் தோலும் போனது. நடுவிரல் துண்டைப் பல்லால் கடித்து எடுத்தேன். அங்கேயும் அதே கதி. இரண்டு விரல் நுனியும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கீழே ஒரு பெண் விழுந்ததைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம், இது நம்ம லைனிங்தான என்று கேட்டது பாட்டையும் மீறி என் காதில் விழுந்தது. வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. நாலு நாற்காலி தள்ளி எங்கள் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தில் நான் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். பாயின் இடது கை மெதுவாகக் கீபோர்டின் கீழ் ஸ்தாயிப் பக்கம் நகர்ந்தது. நான் விட்ட இடங்களில் பேஸ் கேட்டது, சுத்தமாக, தாளம் பிசகாமல். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நல்லவேளை, அடுத்து பரிசு வழங்குகிற நேரம் வந்தது. அரை மணி இடைவேளை. மேடைக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மின்மேல் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்தேன். ரிதம் கிட்டார் வாசிக்கிறவர் இரக்கப்பட்டு ஒரு பிக்கை, கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையை, நீட்டினார். பிக்கால் பேஸ் வாசிப்பதில் ஒரு தப்பும் இல்லை, எத்தனையோ பேர் அருமையாக வாசிக்கிறார்கள். ஆனால் எனக்குப் பழக்கமில்லை. பழகாத ஒன்றைக் கையில் ஒட்டிக்கொண்டு மேடை ஏறியதன் பலனைத்தான் அப்போது ஊதிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று காலையிலிருந்து நான் எடுத்த முதல் புத்தியுள்ள முடிவு அது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். கீழே விழுந்த துண்டைப் பொறுக்கியவர். ஸ்டிச்சிங் லைனில் நல்ல கை என்று பெயர் எடுத்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தன் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்று பிற்பாடு என்னிடம் சொல்லிவிட்டதால் போடவில்லை. அவர்கள் லைனில் முதலுதவி அவர் பொறுப்பு. ஒரு கையில் முதலுதவிப் பெட்டி, இன்னொரு கையில் என் லைனிங். துண்டை என் மடியில் போட்டுவிட்டு விரலைக் கழுவி மருந்து போட ஆரம்பித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துண்டின் ஓரத்தைப் பார்த்ததாகவும் ஸ்கைவிங் ரொம்பச் சுத்தமாக இருந்ததாகவும் சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நல்ல தடிமனாகக் கட்டுப்போடச் சொன்னேன். அவர் போடவில்லை. மெல்லிய டேப்பை ஒரே சுற்றுச் சுற்றி நிறுத்திக்கொண்டார்.

“இன்னாண்ணா, கம்பிய அந்த இழு இழுக்கறீங்க? நான் மெஷின்ல ஒக்காந்த புதுசுல தோல இப்டித்தான் இழுப்பேன். ஊசி ஒடையும், தையல் கோணிக்கும், தோள்பட்ட விட்டுப் போய்டும். தோல காட்டனா போதும்ணா, அடியில இருக்கற பல்லு எடுத்துக்கும்.”

மெஷினில் தோலை நகர்த்த அடியில் பல் இருக்கிறது, என் கிட்டாரில் என்ன இருக்கிறது என்று நான் எரிச்சலோடு கேட்டேன். அவர் மேடைப் பக்கம் கையைக் காட்டினார்.

“அந்தப் பொட்டி எதுக்கு நிக்குது? சத்தம் அதுலேர்ந்துதான வருது? ஒங்க விரல்லேர்ந்தா வருது?”

பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பாட்டுப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவரே சொன்னது. நான் எத்தனையோ வருஷம் பேஸ் வாசித்தவன். எத்தனையோ பேரிடம் கம்பியைப் பற்றியும் ஆம்பைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசியவன். அந்தப் பெட்டி எதற்கு நிற்கிறது என்று ஒருநாளும் என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட நேரம் இல்லை, கடைசிப் பரிசை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். மிச்சமிருந்த சில நிமிஷத்தில் நான் செய்தது மூன்று காரியம். டிரம்ஸுக்குப் பின்னால் கிடந்த ஆம்பை இழுத்துவந்து என் பக்கத்தில் வைத்தேன். அதன் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து, வாய் என் காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்தேன். லட்சணம் கெட்டால் கெடட்டும் என்று டிரம்ஸ்காரரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்து, சத்தத்தை நான் எப்போதும் வைக்கிற அளவைவிட நன்றாகக் கூட்டினேன். கூட்டிவிட்டு, தொட்டும் தொடாததுமாக ஒரு கம்பியை வருடினேன். முழு ஸ்வரம் வந்தது. அத்தனை வருஷம் நான் இழுத்து இழுத்துக் கேட்ட ஸ்வரத்தைவிட அது உருண்டையாக இருந்தது. மூன்றாவது, எந்தெந்தப் பாட்டில் எத்தனை ஸ்வரத்தை விட்டுவிடலாம் என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். டிரம்ஸ்காரர் காலால் அடிக்கிற அடியோடு எது சேருகிறதோ அதை மட்டும் வாசிப்பது, நடுவில் செய்கிற அலங்காரமெல்லாம் இன்றைக்கு லீவு.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. கட்டைவிரலைத் தடித்த கம்பியின்மேல் சும்மா சாய்த்துவைத்தேன். மற்ற இரண்டு விரலும் கம்பியைக் கடந்து அடுத்த கம்பியில் போய் நிற்கும், அவ்வளவுதான். வலிக்கவில்லை என்று கதை விடமாட்டேன். ஒவ்வொரு தொடுதலும் எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலே எனக்குக் காவல்காரனாக இருந்தது. கொஞ்சம் இழுத்தாலும் உடனே உறைத்துவிடும், கை தானாக இறங்கிவிடும். இரண்டாவது பாட்டு முடிந்தபோது முன்கையைத் தொட்டுப் பார்த்தேன். தூக்கத்திலிருந்து எழுந்த கை மாதிரி தளர்வாக இருந்தது. ஐந்தாவது பாட்டில் பாயின் கழுத்து திரும்பியது. என்னைப் பார்த்தார், ஆம்பைப் பார்த்தார், கீழே இருந்த செங்கல்லைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். அவருடைய இடது கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது இன்னும் கீபோர்டின் கீழ் ஸ்தாயிப் பக்கத்திலேயே காத்திருந்தது.

கடைசிப் பாட்டு, எங்கள் ஊர் விழாக்களில் எப்போதும்போல, ஆட்டப் பாட்டு. பாய் வேண்டுமென்றே ஒத்திகையைவிட வேகமாக ஆரம்பித்தார். என்னைச் சோதிக்கிறார் என்று தெரிந்தது. கை ஓடியது. மூச்சு வாங்கவில்லை. ஸ்டிச்சிங், கட்டிங், பேக்கிங் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சிலர் மேடைமேலேயே ஏறி ஆடினார்கள். பலகை குதித்தது. அந்தக் குதியில் கீபோர்டின் பின்னால் சொருகியிருந்த அடாப்டர் ஒயர் கழன்று விழுந்தது.

பாட்டின் நடுவில் கீபோர்டு செத்துவிட்டது. பாடகர் வாயைத் திறந்தவர் சுருதி தெரியாமல் அப்படியே நின்றார். ஆடியவர்களில் பாதிப் பேர் நிதானித்தார்கள். மேடையில் மிச்சம் இருந்தது டிரம்ஸ், ஓரத்தில் ரிதம் கிட்டார், நடுவில் நான். பாய் ஸ்டாண்டுக்கு அடியில் தவழ்ந்து ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேடையில் பாதிச் சத்தம் காணாமல் போனால் கை என்ன செய்யும் தெரியுமா? இழு என்று சொல்லும். ஓட்டையை நீ அடை என்று சொல்லும். என் முன்கை முறுக்கேறுவது எனக்கே தெரிந்தது. அப்படி இழுத்திருந்தால் நாலு அடியில் விரல் போயிருக்கும், எட்டு அடியில் வேகம் போயிருக்கும், பாட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். நான் இழுக்கவில்லை. பெட்டி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேன். இடைவேளையில் லீவு கொடுத்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டேன், அதே மெல்லிய கையால். டிரம்ஸ்காரர் என் முகத்தைப் பார்த்துத் தன் அடியைக் குறைத்து எனக்கு இடம் கொடுத்தார். பாடகருக்காக அவருடைய ஆதார ஸ்வரத்தில் இரண்டு சுற்று நின்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார், பிடித்துக்கொண்டார், பாடினார். முற்றம் மறுபடி குதித்தது. நடுவயதைத் தாண்டிய ஒரு ஸ்கைவிங் ஆளின் இரண்டு விரல்கள், அதுவும் தோல் உரிந்த இரண்டு விரல்கள், அவ்வளவு பெரிய கூட்டத்தை ஆடவைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்லிவிட முடியாது.

ஒரு சரணம் தாண்டியதும் பாய் ஒயரைச் சொருகிவிட்டு எழுந்தார். கீபோர்டில் விளக்கு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் உடனே வாசிக்கவில்லை. ஒரு சுற்று முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்புறம் வலது கையை மட்டும் கீபோர்டில் வைத்தார். இடது கையால் பாட்டு நோட்டின் பக்கத்தை நிதானமாகத் திருப்பினார். அந்தப் பாட்டுதான் கடைசி. அடுத்த பக்கத்தைத் திருப்பவேண்டிய தேவையே இல்லை.

நிகழ்ச்சி முடிவில் குழுவினரை அறிமுகம் செய்வது வழக்கம். பாடகர்கள் முதலில், டிரம்ஸ் அப்புறம், பேஸ் கிட்டார் என்று சொல்வதற்குள் ஜனங்கள் நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அன்று பாய் மைக்கை வாங்கி என்னிடமிருந்து ஆரம்பித்தார். அவர் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் வரிசையில் யாரோ, லைனிங் அண்ணன் என்று கத்தினார்கள். மொத்த ஸ்டிச்சிங் லைனும் சேர்ந்துகொண்டது. சூப்பர்வைசர்கூடக் கைதட்டினார். இன்றைக்கு வரைக்கும் கம்பெனியிலும் சரி, மேடையிலும் சரி, என் நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பஸ் கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாளை மறுநாள் டேப்பைப் பிரித்துவிடச் சொன்னார். நன்றி என்று நான் சொன்னது பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. அதனால் விடுமுறை முடிந்து அவர் மெஷினுக்கே போய் மறுபடி சொன்னேன். தைப்பதை நிறுத்தாமலே தலையை ஆட்டினார். அவர் விரல்கள் தோலின்மேல் எப்படி இருக்கின்றன என்று அன்றுதான் முதல்முறை உற்றுப் பார்த்தேன். உங்களுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் நல்ல தையல்காரர் ஒருவரின் கையைப் போய்ப் பாருங்கள், ஆயிரம் வீடியோ பார்ப்பதற்கு அது மேல்.

விழா முடிந்த அன்று சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடி நிகழ்ச்சிக்கு நான் வரவேண்டுமா என்றேன். பாய் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இன்னா கேள்வி இது? என் லெஃப்ட் ஹேண்டுக்கு நோட்டு பொரட்டற வேல இருக்குது.”

அதற்குப் பிறகு நான் அவரோடு பத்து வருஷத்துக்கும் மேல் வாசித்தேன். போன வருஷம்தான் மேடை ஏறுவதை நிறுத்தினேன். எத்தனையோ மேடை, எத்தனையோ விதமான சங்கடம். மைக் போயிருக்கிறது, பாடகர் வராமல் இருந்திருக்கிறார், சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில் ஆம்பே புகைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் முறுக்கேறுவது வலது கைதான், முதலில் தளர்த்தவேண்டியதும் அதைத்தான். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அப்போது லைனிங் ஒட்டத் தோன்றினால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்கு நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மேடை போட்டு முடித்திருந்தார்கள். என் ஆம்பைத் தேடி டிரம்ஸுக்குப் பின்னால் போனேன். அங்கே இல்லை. பாய் அதை முன்னால், நான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, அடியில் ஒரு செங்கல்லையும் முட்டுக்கொடுத்திருந்தார்.